0.3 என்ற எண் நீண்டபோது: ரோபோ கை மென்பொருள் புதுப்பிப்பு குறித்த நிகழ்வு ஆய்வு

மேசை மேல் வைத்து இயக்கும் ஆறு மூட்டு ரோபோ கை ஒன்றின் கட்டுப்பாட்டு மென்பொருளை மைக்ரோசாஃப்டின் நிரல் இயக்கத் தளமான டாட் நெட் ஃபிரேம்வொர்க் 3.5இலிருந்து, அதன் வழித்தோன்றலான டாட் நெட் 8க்குக் கொண்டுவந்த வேலையின் முழு விவரம் இது. மென்பொருள் எங்கள் ஆய்வகத்திலேயே சி ஷார்ப் மொழியில், விண்டோஸ் ஃபார்ம்ஸ் என்ற நூலகத்தின் திரைகளோடு எழுதப்பட்டது. கணினித் திரையோடு முடிந்துவிடும் ஒரு நிரலைப் புதுப்பிப்பதற்கும், மறுமுனையில் மோட்டார் சுழலும் ஒரு நிரலைப் புதுப்பிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இந்த வேலையின் ஒவ்வொரு படியிலும் நாங்கள் சந்தித்தோம். நிரல் பிழையின்றித் தொகுக்கப்பட்டது, திரை திறந்தது, பொத்தான்கள் வேலை செய்தன என்பவை இங்கே பொருந்துநிலைக்குச் சான்றாகா. கணினியிலிருந்து கன்ட்ரோலர் பலகைக்குப் போகும் பைட்டுகள் முன்பு இருந்தபடியே இருக்கின்றனவா என்பதே கேள்வி.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கையின் ஆறு சர்வோ மோட்டார்களையும் (சொன்ன கோணத்தில் போய் நிற்பவை) ஒரு கன்ட்ரோலர் பலகை இயக்குகிறது. யூஎஸ்பி-சீரியல் மாற்றி வழியாக, 115200 பாட் (நொடிக்கு இத்தனை பிட்டுகள்) வேகத்தில், வரிக்கு ஒரு கட்டளை என்ற முறையில் கணினி அதனோடு பேசுகிறது. நகர்வுக் கட்டளை ‘எம்’ என்ற ஒரே எழுத்தில் தொடங்கும். அதன் பின் ஆறு மூட்டுகளின் கோணங்களும் இடைவெளி விட்டு வரும். பலகையில் ஒரு வரிக்கு ஒதுக்கப்பட்ட இடம் 64 பைட்டுகள். அதைத் தாண்டியவை கைவிடப்படும். எண் வந்து சேராத மூட்டுக்குக் கோணம் 0 என்று எடுத்துக்கொள்ளப்படும். இவை யாவும் பலகையின் கையேட்டிலேயே உள்ளவை. கிரிப்பர் (பொருளைப் பற்றும் கை நுனி) எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று சொன்னால், அதற்கு ஒவ்வொரு மூட்டும் எத்தனை பாகையில் நிற்க வேண்டும் என்று கணக்கிட்டுத் தருவது கையைத் தயாரித்தவர்கள் கொடுத்த ஒரு 32 பிட் டிஎல்எல், அதாவது பிற நிரல்கள் ஏற்றிப் பயன்படுத்தும் நிரல் கோப்பு. அதன் மூல நிரல் எங்களிடம் இல்லை.

பழைய கணினியில் 32 பிட் விண்டோஸ் 7 ஓடிக்கொண்டிருந்தது. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றே முடிந்திருந்தும், வலைத்தொடர்பு இல்லாத கணினி என்பதால் அப்படியே விட்டிருந்தோம். அதன் தாய்ப்பலகை பழுதானபோது விண்டோஸ் 11 உள்ள கணினிக்கு மாற வேண்டியதாயிற்று. வேலை அங்கிருந்து தொடங்கியது.

முதல் கட்டம்: நிரலைத் திறக்க வைத்தது

விண்டோஸ் 11இல் டாட் நெட் ஃபிரேம்வொர்க் 3.5 தானாக இயக்கத்தில் இருப்பதில்லை. விண்டோஸ் அம்சங்கள் பட்டியலில் அதைத் தேர்ந்தால், தேவையான கோப்புகளை வலையிலிருந்து இறக்கிக்கொள்ளும். ரோபோ கணினியை வலையில் இணைப்பதில்லை என்ற விதியை நாங்கள் தளர்த்த விரும்பவில்லை. ஆகவே நிறுவல் வட்டின் சோர்சஸ் அடைவுக்குள் இருக்கும் கோப்புகளையே மூலமாகக் காட்டி, டிஸ்ம் என்ற விண்டோஸ் அம்ச நிறுவல் கட்டளையால் நிறுவினோம். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: நிறுவல் வட்டும் கணினியில் உள்ள விண்டோஸும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும்.

திரை திறந்தது. ஆனால், கணக்கிடும் டிஎல்எல்லை ஏற்றும் இடத்தில், தவறான வடிவமைப்பிலுள்ள கோப்பை ஏற்ற முயன்றதாகப் பிழைச் செய்தி வந்தது. கோப்பு பழுதாகிவிட்டது என்று அதைப் படித்துவிட்டு, காப்புப் பிரதியிலிருந்து மீண்டும் எடுத்துப் போட்டு அரை நாளைக் கழித்தோம். கோப்பில் பழுது ஏதும் இல்லை. எந்தச் செயலியிலும் ஓடலாம் என்ற அமைப்பில் எங்கள் நிரல் தொகுக்கப்பட்டிருந்ததால், 32 பிட் விண்டோஸில் அது 32 பிட் நிரலாக ஓடியது. விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. அங்கே அதே நிரல் 64 பிட்டாக எழுந்து நின்றது. 64 பிட் நிரலுக்குள் 32 பிட் டிஎல்எல் ஏறாது. இலக்குச் செயலியை 32 பிட் என்று நிலைப்படுத்தித் தொகுத்ததும் அது ஏறிவிட்டது.

அடுத்து 4.8. டாட் நெட் ஃபிரேம்வொர்க் பதிப்புகளின் எண்கள் ஒரே ஏணியின் படிகள் போலத் தோன்றினாலும், 2.0 முதலானவற்றின் அடியில் இருப்பவை இரண்டே இயக்கச் சூழல்கள் (நிரலை ஓட்டும் அடிப்படை). 2.0, 3.0, 3.5 மூன்றும் ஒன்றின் மேல் நிற்கின்றன. 2010இல் வந்த 4.0 முதல் 4.8 வரையானவை மற்றொன்றின் மேல் நிற்கின்றன. 4.5 முதல் வந்த ஒவ்வொரு பதிப்பும் முந்தையதை இடம்பெயர்த்துவிட்டு அதே இடத்தில் அமர்கிறது. ஆகவே 4.0இலிருந்து 4.8க்குப் போவது எண் காட்டும் அளவுக்குப் பெரிய தாவல் அன்று, 3.5இலிருந்து 4.0க்குப் போவதுதான் உண்மையான தாவல். எங்கள் டிஎல்எல் 2.0.50727 என்ற பழைய இயக்கச் சூழலுக்காகக் கட்டப்பட்ட கலப்பு வகைக் கோப்பு, அதாவது டாட் நெட் நிரலும் நேரடி இயந்திர நிரலும் சேர்ந்தது. கூடுதல் அமைப்புத் தகவல் இல்லாமல் அதைப் புதிய சூழலில் ஏற்ற முடியாது என்று 4.8 மறுத்தது. நிரலின் அமைப்புகளை வைத்திருக்கும் ஆப் கான்ஃபிக் கோப்பின் ஸ்டார்ட்அப் பகுதியில் பழைய இயக்கச் சூழல் ஏற்றும் முறையை அனுமதிக்கும் பண்பை இயக்கியபின் ஏற்றுக்கொண்டது.

இதே கட்டத்தில் ஒரு சிறு தடங்கலும் நேர்ந்தது. 4.8 இருக்கிறதா என்று ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புத் தரவுத்தளம்) ரிலீஸ் என்ற மதிப்பைப் பார்த்துச் சோதிக்கும் எங்கள் நிறுவல் ஸ்கிரிப்ட், அது 528040க்குச் சமமா என்று கேட்டது. விண்டோஸ் பதிப்பைப் பொறுத்து அந்த மதிப்பு வேறுபடும். விண்டோஸ் 11இன் முதல் பதிப்பில் அது 528449. சமமா என்று கேட்காமல், 528040க்குக் குறையாமல் இருக்கிறதா என்று கேட்பதே சரி.

நடுக்கமும் தவறான சந்தேகமும்

நிரல் ஓடியது, கையும் அசைந்தது. ஆனால் அசைவில் நடுக்கம் தெரிந்தது. முன்பு வழுக்கிக்கொண்டு போன பாதையைக் கை இப்போது விட்டுவிட்டுக் கடந்தது. ஃபிரேம்வொர்க்கை மாற்றியிருக்கிறோம், அசைவு கெட்டிருக்கிறது, ஆகவே காரணம் ஃபிரேம்வொர்க் என்று எங்களில் யாருக்கும் ஐயம் வரவில்லை. சீரியல் போர்ட் வகுப்பின் நடத்தை 4.8இல் மாறியிருக்குமோ என்று தேடினோம். இறுதியில் மாற்றமே செய்யாத 3.5 நிரலையும் அதே புதிய கணினியில் ஓட்டிப் பார்த்தோம். அதிலும் நடுக்கம் இருந்தது. இந்தச் சோதனையை முதல் நாளே செய்திருக்க வேண்டும். கணினி, இயங்குதளம், ஃபிரேம்வொர்க் மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டு, எது காரணம் என்று ஊகித்துக்கொண்டிருந்தது எங்கள் முறையில் இருந்த பிழை.

காரணம் யூஎஸ்பி-சீரியல் மாற்றியின் டிரைவரில் இருந்தது. பலகையிலிருந்து வரும் பைட்டுகளை இத்தகைய மாற்றி உடனுக்குடன் கணினிக்கு அனுப்பிவிடாது. ஒரு பொட்டலம் நிறையும் வரையோ, குறிப்பிட்ட நேரம் கழியும் வரையோ பிடித்து வைத்திருக்கும். எங்கள் மாற்றியில் அந்த நேரத்தின் இயல்பு மதிப்பு 16 மில்லி நொடி. 115200 பாட் வேகத்தில் ஒரு பைட்டுக்கு 10 பிட்டுகள் என்று கொண்டால் நொடிக்கு 11,520 பைட்டுகள் போகும். 20 பைட் பதில் ஒன்று வந்து சேர 2 மில்லி நொடிகூட ஆகாது. ஆனால் பொட்டலம் நிறையாததால், அந்தச் சிறு பதில் 16 மில்லி நொடி காத்துக் கிடந்தது. கட்டளை அனுப்பி, பதில் பெற்று, அடுத்த கட்டளையை அனுப்பும் எங்கள் சுழற்சி 20 மில்லி நொடிக்குள் முடிய வேண்டியது, அது முடியவில்லை. பழைய கணினியில் எவரோ என்றோ டிவைஸ் மேனேஜரில் அந்தக் காம் போர்ட்டின் மேம்பட்ட அமைப்புகளுக்குள் போய் அதை 1 மில்லி நொடியாகக் குறைத்திருக்கிறார். அந்த மாற்றம் நிரலில் இல்லை, ஆவணத்தில் இல்லை, காப்புப் பிரதியிலும் இல்லை. பழைய கணினியோடு போய்விட்டது. புதிய கணினியிலும் 1 என்று மாற்றியவுடன் நடுக்கம் நின்றது. இப்போது நிரல் தொடங்கும்போதே பதில் வரும் நேரத்தை அளந்து, அது நீண்டால் கையை இயக்க மறுத்துவிடும்.

காலம் சார்ந்த இன்னொரு மாற்றத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். விண்டோஸ் 10இன் 2004 பதிப்புக்கு முன்பு, ஏதேனும் ஒரு நிரல் கடிகாரத் துல்லியத்தைக் கூட்டினால் அது கணினியில் ஓடும் எல்லா நிரல்களுக்கும் பொருந்தியது. அதன்பின், கேட்ட நிரலுக்கே அது உறுதி. 5 மில்லி நொடி தூங்கு என்று எழுதியிருக்கும் நிரல், துல்லியத்தைத் தானே கேட்டு வாங்காவிட்டால், ஏறத்தாழ 15.6 மில்லி நொடி தூங்கிவிடக்கூடும். எங்கள் நிரல் அதைத் தானே கேட்டிருந்ததால் தப்பித்தது.

இரண்டாம் கட்டம்: டாட் நெட் 8

4.8இலேயே நின்றிருக்கலாம். கையை இயக்குவது மட்டுமே தேவையென்றால் அதுவே போதும் என்பது என் கருத்து. ஃபிரேம்வொர்க் 4.8இன் ஆதரவு அது இருக்கும் விண்டோஸின் ஆதரவோடு கட்டப்பட்டது. 3.5க்கோ 2029 ஜனவரி 9 வரை ஆதரவு உண்டு. 2023இல் வந்த டாட் நெட் 8இன் ஆதரவோ 2026 நவம்பர் 10இல் முடிகிறது. அதாவது புதியது பழையதற்கு முன்பே காலாவதியாகிறது. புதியது என்பதற்காக மட்டும் மாறுவது ரோபோ வேலையில் போதுமான காரணம் அன்று. கேமராவில் தெரியும் பொருளை அடையாளம் காணும் புதிய நூலகம் ஒன்று எங்களுக்குத் தேவைப்பட்டது. அது பழைய ஃபிரேம்வொர்க்கில் ஓடாது என்பதால் மாறினோம்.

கலப்பு வகை டிஎல்எல் டாட் நெட் 8இல் ஏறாது. மூல நிரலிலிருந்து புதிதாகக் கட்டினால்தான் முடியும். மூல நிரல் இல்லாத நிலையில், அந்த டிஎல்எல்லை மட்டும் வைத்துக்கொண்டு 4.8இல் ஓடும் 32 பிட் துணை நிரல் ஒன்றை எழுதினோம். முதன்மை நிரல் நேம்டு பைப் (இரு நிரல்கள் தரவு பரிமாறும் தடம்) வழியாக அதனிடம் கேட்டுக் கோணங்களைப் பெறும். அழகான தீர்வு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பழையது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அது தெளிவாக வைத்திருக்கிறது. துணை நிரல் நின்றுபோனால் முதன்மை நிரல் புதிய நகர்வை அனுப்பாது.

கைக்குக் கற்பித்த நிலைகளைச் சேமித்த கோப்புகள் பைனரி ஃபார்மேட்டர் என்ற டாட் நெட் சேமிப்பு வகுப்பால் எழுதப்பட்டவை. டாட் நெட் 9இல் அது செயலிழக்கச் செய்யப்பட்டுவிட்டது. 8இலேயே அதைப் பயன்படுத்தும் வரிகள் இயல்பாகத் தொகுப்புப் பிழையாகிவிடும். இத்தகைய கோப்புகளை மாற்ற வேண்டிய இடம் பழைய நிரல்தான். புதிய நிரலை எழுதி முடித்தபின் பழைய கோப்பைத் திறக்க வழி தேடுவது வீண் வேலை. 4.8 நிரலிலேயே ஏற்றுமதிப் பொத்தான் ஒன்றைச் சேர்த்து, எல்லா நிலைகளையும் வெறும் உரைக் கோப்புகளாக எடுத்துக்கொண்டோம்.

நிறுத்து பொத்தான்

இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் இங்கேதான் கை யாரையாவது இடித்திருக்கக் கூடும்.

பழைய நிரலில் நகர்வை நடத்துவது தனி த்ரெட், அதாவது நிரலுக்குள் இணையாக ஓடும் ஒரு செயலோட்டம். திரையில் உள்ள நிறுத்து பொத்தானை அழுத்தினால், அந்த த்ரெட்டை அபார்ட் கட்டளையால் துண்டித்துவிட்டு, பலகைக்கு நிறுத்தக் கட்டளையை அனுப்பும். டாட் நெட் ஃபிரேம்வொர்க்கில் இது வேலை செய்தது. டாட் நெட் கோர் (டாட் நெட் 5 முதலான பதிப்புகளின் முன்னோடி) தொடங்கி இன்றுவரை த்ரெட்டை இவ்வாறு துண்டிக்க அனுமதி இல்லை. அந்த வரி ஓடினால் இத்தளத்தில் இதற்கு ஆதரவில்லை என்ற எக்செப்ஷன் (ஓடும்போது வரும் பிழை அறிவிப்பு) எழும். நிரல் தொகுக்கப்படும், எச்சரிக்கை மட்டுமே வரும். எங்களுக்கும் வந்தது. நூற்றுக்கணக்கான எச்சரிக்கைகளின் நடுவே வந்ததால் அதை யாரும் படிக்கவில்லை.

அதைவிட மோசமானது அடுத்தது. அந்த வரியைச் சுற்றி, எந்த எக்செப்ஷன் வந்தாலும் விழுங்கிவிடும் வெற்று கேட்ச் பகுதி இருந்தது. பழைய ஃபிரேம்வொர்க் காலத்தில் எவரோ சேர்த்தது. பலகைக்கு நிறுத்தக் கட்டளை அனுப்பும் வரியும் அதே பகுதிக்குள், துண்டிக்கும் வரிக்கு அடுத்து இருந்தது. ஆகவே டாட் நெட் 8இல் நிறுத்து பொத்தானை அழுத்தினால் நடந்தது இதுதான்: துண்டிக்கும் வரி எக்செப்ஷனை எழுப்பும், நிறுத்தக் கட்டளை அனுப்பப்படாமலே தாண்டப்படும், எக்செப்ஷன் விழுங்கப்படும், திரையில் ‘நிறுத்தப்பட்டது’ என்ற சொல் தோன்றும். கைக்கு நகர்வுக் கட்டளைகள் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும்.

சர்வோ மோட்டார்களின் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பலகைக்கு மட்டும் மின்சாரம் கொடுத்துச் சோதித்ததால் இது தெரிய வந்தது. திரையில் நிறுத்தப்பட்டது என்று இருக்க, சீரியல் பதிவுக் கோப்பில் வரிகள் ஓடிக்கொண்டே இருந்தன.

இப்போதைய நிரலில் நிறுத்து பொத்தான் முதலில் செய்வது பலகைக்கு நிறுத்தக் கட்டளை அனுப்புவது. மற்றவை எல்லாம் அதற்குப் பின்புதான். நகர்வு த்ரெட் ஒவ்வொரு படியின் தொடக்கத்திலும் கேன்சலேஷன் டோக்கன் என்ற நிறுத்தக் குறியைப் பார்த்து, தானே வெளியேறுகிறது. நிறுத்தப்பட்டது என்ற சொல், பலகை ஒப்புதல் அனுப்பிய பின்பே தோன்றும். இவ்வளவு செய்தும், திரைப் பொத்தான் அவசர நிறுத்தம் ஆகிவிடாது. ஐஎஸ்ஓ 13850 தரம் பேசும் அவசர நிறுத்தம், கணினி உறைந்து போனாலும் வேலை செய்ய வேண்டியது. சர்வோ மின்சாரத்தை நேராகத் துண்டிக்கும் சிவப்புக் காளான் பொத்தான் கைக்கு எட்டும் இடத்தில் தனியே இருந்தாக வேண்டும். எங்களிடம் அது இருந்தது. ஆனால் சில ஆண்டுகளாக எல்லோரும் திரைப் பொத்தானையே அழுத்திப் பழகியிருந்தோம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அதே திரைப் பொத்தானுக்கு இன்னொரு கேடும் நேர்ந்தது. விண்டோஸ் ஃபார்ம்ஸின் இயல்பு எழுத்துரு, டாட் நெட் கோர் 3.0 முதல் மைக்ரோசாஃப்ட் சான்ஸ் செரிஃப் 8.25 புள்ளியிலிருந்து சீகோ யூஐ 9 புள்ளியாக மாறியது. எழுத்து பெரிதானதால் திரையின் பகுதிகள் விரிந்தன. சாளரத்தின் அளவு எங்கள் நிரலில் நிலையாக எழுதப்பட்டிருந்ததால், கடைசி வரிசையில் இருந்த நிறுத்து பொத்தானின் கீழ்ப்பாதி சாளர விளிம்புக்கு அப்பால் போய் மறைந்தது. பழைய எழுத்துருவையே இயல்பாக அமைக்கும் ஒரு வரி டாட் நெட் 6 முதல் கிடைக்கிறது. அதைச் சேர்த்ததோடு, பொத்தானைச் சாளரத்தின் மேல் ஓரத்துக்கு மாற்றி அங்கேயே நிலைநிறுத்தினோம்.

பைட்டுகளை ஒப்பிட்டது

சீரியல் போர்ட்டுக்கு எழுதப்படும் ஒவ்வொரு பைட்டையும் கோப்பில் பதியும் சிறு வகுப்பு ஒன்றைப் பழைய நிரலிலும் புதிய நிரலிலும் சேர்த்தோம். ஒரே வரிசையில் ஒரே செயல்களை இரண்டிலும் செய்து, கோப்புகளை ஒப்பிட்டோம். சேமித்து வைத்த நகர்வுத் தொடர்கள் எல்லாம் பைட்டுக்குப் பைட் ஒத்துப்போயின. அன்றே வேலை முடிந்ததாக எழுதிவிடும் நிலையில் இருந்தோம். ஒவ்வொரு மூட்டையும் 0.1 பாகை வீதம் கூட்டியும் குறைத்தும் நகர்த்தும் அம்புப் பொத்தான்களைச் சோதித்தபோதுதான் வேறுபாடு வெளிப்பட்டது.

எல்லா மூட்டுகளும் 0இல் இருக்க, முதல் மூட்டை மூன்று முறையும், இரண்டாவதை எட்டு முறையும், மூன்றாவதை ஒன்பது முறையும், நான்காவதைப் பத்து முறையும் அழுத்தி, ஐந்தாவதற்கு 45 என்றும் ஆறாவதற்கு -30 என்றும் நேரடியாக இட்டபோது பழைய நிரல் அனுப்பிய வரி:

எம் 0.3 0.8 0.9 1 45 -30

புதிய நிரல் அனுப்பிய வரி:

எம் 0.30000000000000004 0.7999999999999999 0.8999999999999999 0.9999999999999999 45 -30

பழைய வரியில் இருப்பவை 22 எழுத்துகள், புதியதில் 85. பலகை 64 பைட்டோடு நிறுத்திக்கொள்ளும். நான்காவது எண்ணில் 0.99 வரைதான் அதற்குப் போய்ச் சேர்ந்தது. ஐந்தாவது, ஆறாவது மூட்டுகளுக்கு எண்ணே போகவில்லை. எனவே பலகை அவற்றை 0 என்று எடுத்துக்கொண்டது. சர்வோவுக்கு மின்சாரம் இருந்திருந்தால், முதல் மூட்டைப் பத்தில் ஒரு பாகை நகர்த்த ஒருவர் பொத்தானை அழுத்திய கணத்தில், மணிக்கட்டு 45 பாகை சுழன்று விழுந்திருக்கும். மிக நுண்ணிய நகர்வைச் செய்யும்போது கிரிப்பருக்கு மிக அருகில் மனிதக் கை இருக்கும் என்பதை நினைத்தால் இது எத்தகைய பிழை என்பது விளங்கும்.

காரணம் ஆவணப்படுத்தப்பட்ட மாற்றம்தான். இரும எண்களில் 0.1ஐத் துல்லியமாக எழுத முடியாது. மூன்று முறை கூட்டினால் 0.3ஐ விடச் சற்றே மிகுந்த எண் கிடைக்கும். டாட் நெட் ஃபிரேம்வொர்க், டபுள் (64 பிட் மிதவைப் புள்ளி) வகை எண்ணை உரையாக்கும்போது 15 இலக்கங்களோடு நிறுத்திக்கொள்ளும். ஆகவே அந்த நுண்ணிய மிகுதி திரையிலும் கம்பியிலும் தெரியாமல் போயிற்று. டாட் நெட் கோர் 3.0 முதல், மீண்டும் படித்தால் அதே எண் கிடைக்கும்படியான மிகக் குறுகிய உரையைத் தருகிறது. கணக்கின்படி புதிய நடத்தையே சரியானது. வடிவம் எதையும் குறிப்பிடாமல் எண்ணை உரையாக்கி, அதையே இயந்திரத்துக்கு அனுப்பிய எங்கள் வரிதான் தவறு. டிஎல்எல் தரும் கோணங்கள் ஒரு தசமத்துக்கு முழுமையாக்கப்பட்டே வந்ததால், சேமித்த தொடர்களில் இது தலைகாட்டவில்லை.

மூன்று தசமங்களுக்கு வடிவமைத்து அனுப்புவது உடனடித் தீர்வாகத் தோன்றியது. ஆனால் கூட்டக் கூட்ட விலகும் எண்ணை அலங்கரித்து அனுப்புவது மட்டுமே அது. மேலும் மிகச் சிறிய எதிர்ம எண்ணை அவ்வாறு வடிவமைத்தால், புதிய இயக்கச் சூழல் மைனஸ் குறியோடு -0.000 என்று எழுதும். ஆகவே மூட்டின் கோணத்தை, 0.1 பாகையை ஓர் அலகாகக் கொண்ட முழு எண்ணாகவே நிரல் முழுவதும் வைத்துக்கொண்டோம். அனுப்பும் கணத்தில் மட்டும் அது தசம உரையாகிறது. எந்த நாட்டின் மொழி அமைப்பில் கணினி இருந்தாலும் புள்ளியே தசமக் குறியாக வரும்படி கல்ச்சர் என்ற வட்டார அமைப்பு நிலைப்படுத்தப்பட்டது.

பலகையிலிருந்து வரும் திசையிலும் ஒரு வேறுபாடு கிடைத்தது. பலகை தன் கோணங்களைப் பாகைக் குறியோடு அனுப்பும். அந்தக் குறி 176 என்ற ஒற்றை பைட். நிரல் அதை இயல்பு குறியாக்கத்தில் (பைட்டுகளை எழுத்துகளாகக் கொள்ளும் முறை) படித்து, பாகைக் குறியில் உரையைப் பிரித்தது. இயல்பு குறியாக்கம் என்பது ஃபிரேம்வொர்க்கில் விண்டோஸின் பழைய எழுத்துப் பக்கம். டாட் நெட் கோர் முதல் அது யூடிஎஃப்-8. தனியே நிற்கும் 176 யூடிஎஃப்-8இல் செல்லாத பைட் என்பதால், அந்த இடத்தில் பதிலீட்டுக் குறி வந்து அமர்ந்தது, பிரிப்பு தோற்றது, திரையில் கோணங்கள் பழைய மதிப்பிலேயே உறைந்து நின்றன. குறியாக்கத்தை வெளிப்படையாக லத்தீன்-1 என்று எழுதிச் சரிசெய்தோம்.

வரி முடிவைத் தேடும் இடத்தை ஓட்டிப் பார்க்காமல், நிரலை வாசித்தபோதே மாற்றிவிட்டோம். டாட் நெட் 5 முதல் விண்டோஸிலும் உரை ஒப்பீட்டுக்கு ஐசியூ நூலகம் பயன்படுகிறது. வரி முடிவைக் குறிக்கும் கேரியேஜ் ரிட்டர்னும் லைன் ஃபீடும் அடுத்தடுத்து வரும் உரையில் லைன் ஃபீடை மட்டும் ஓர் உரைத்துண்டாகக் கொடுத்துத் தேடினால், அவ்விரண்டையும் பிரிக்க முடியாத ஒன்றாகக் கருதி, இல்லை என்று அது சொல்லக்கூடும். எழுத்துகளின் குறியெண்களை மட்டும் பார்க்கும் ஆர்டினல் ஒப்பீட்டைக் கேட்டால் இந்தத் தொல்லை இல்லை.

எதிர்பாராமல் கிடைத்தது

ஒப்பீட்டில் ஒரே ஒரு வரியில், பழைய நிரலே தவறாக இருந்தது. ஒரு மூட்டை 0இலிருந்து மூன்று முறை ஏற்றி மூன்று முறை இறக்கினால் மீண்டும் 0 வர வேண்டும். டபுள் எண்ணில் எஞ்சுவது 0 அன்று, 2.77 என்று தொடங்கும் எண்ணைப் பத்தின் -17ஆம் அடுக்கால் பெருக்கிய மிக மிகச் சிறிய மதிப்பு. பழைய ஃபிரேம்வொர்க்கும் அதை அடுக்குக் குறியோடு, 2.77555756156289 என்று எழுதி, அதன் பின் ‘ஈ’ என்ற எழுத்தையும் -17ஐயும் சேர்த்தே அனுப்பியது. பலகையின் எண் படிக்கும் பகுதிக்கு அடுக்குக் குறி தெரியாது. எழுத்தைக் கண்டதும் எண் முடிந்தது என்று கொண்டு, அடுத்த இடைவெளி வரை உள்ளதைத் தள்ளிவிடும். ஆகவே 0க்குத் திரும்ப வேண்டிய மூட்டு, ஏறத்தாழ 2.8 பாகைக்குப் போய் நின்றது.

சில வேளைகளில் கை தொடக்க நிலைக்குச் சரியாகத் திரும்பாமல் சற்றே விலகி நிற்கும் குறை எங்களுக்கு நெடுநாளாகத் தெரியும். பல்சக்கரத் தளர்வு என்று முடிவுகட்டி, அதற்காக முதல் மூட்டின் சர்வோவை இரண்டு முறை மாற்றியிருக்கிறோம். கழற்றிய இரண்டும் அலமாரியில் இருந்தன. எடுத்துச் சோதித்தபோது இரண்டிலும் குறை இல்லை.

டாட் நெட் 10க்கு மாறும் வேலை அடுத்து வரவிருக்கிறது. அதற்கான அடிப்படைக் கோப்பாகப் பழைய 3.5 நிரலின் பைட் பதிவையே வைத்திருக்கிறோம். அதில் மூன்று ஏற்றம், மூன்று இறக்கம் உள்ள அந்த ஒரு வரியை மட்டும் திருத்தி, 0 என்று எழுதி, ஏன் திருத்தினோம் என்ற குறிப்பையும் டிரைவரின் 1 மில்லி நொடி அமைப்பையும் அதே அடைவில் சேர்த்திருக்கிறோம்.